தலையாட்டுகிறவரும் எதிர்க்கேள்வி கேட்கிறவரும்

கேள்வி: எட்டு மாதமாக ஏழு பேர் கொண்ட ஒரு குழுவில் வேலை பார்க்கிறேன். அதில் ஒருவர் எதைச் சொன்னாலும் "சரி, பண்ணிடலாம்" என்கிறார், செய்வதில்லை. கடைசியில் மேலதிகாரி முன்னால் பழியை என் மேல் போடுகிறார். இன்னொருவர் நான் எந்த யோசனை சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்டே கொல்கிறார். இந்த மாதிரி ஆட்களை முன்கூட்டியே அடையாளம் காண முடியுமா? எப்படிச் சமாளிப்பது? வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்:

வேலையை விடுவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன்னால் ஒன்று கண்ணில் படுகிறது. தலையாட்டிவிட்டுச் செய்யாதவரையும், எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிறவரையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருக்கிறீர்கள். நான் பார்த்தவரை இந்த இரண்டும் வெவ்வேறு சரக்கு. முதலாமவர் உங்கள் வேலையைக் கெடுக்கிறார். இரண்டாமவர் உங்கள் நிம்மதியைத்தான் கெடுக்கிறார். வேலையைக் காப்பாற்றுகிறவராகக்கூட இருக்கலாம். இருவரும் கிளப்புகிற எரிச்சல் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒன்றுபோலத் தெரிகிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. 21 ஆண்டுகளாக அலுவலகம்தான் வாழ்க்கை. முதல் 12 ஆண்டு குழுவில் ஒருவனாகவும் பிறகு குழுத் தலைவனாகவும் இருந்தேன். மீதி 9 ஆண்டு எச்.ஆர். துறையில், புகார் கேட்கிற நாற்காலியில். புகாரோடு வருகிறவர் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒரு பட்டப்பெயர்தான். "அவர் ஈகோ பிடிச்ச ஆளு சார்." "அவங்களுக்கு என் மேல பொறாமை." சரி, என்ன நடந்தது என்று கேட்டால் பேச்சு நின்றுபோகும். பட்டப்பெயர் நுனிநாக்கில் இருக்கிறது, சம்பவத்தை யோசித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பட்டப்பெயரை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. சம்பவம் கையில் இருந்தால் ஏதாவது செய்யலாம். உங்களுக்கும் அதையேதான் சொல்லப் போகிறேன்: ஆளை எடைபோடுவதை நிறுத்திவிட்டு நடந்ததை எழுதுங்கள்.

ஆளை எடைபோடும்போது நம் எல்லோருடைய தராசும் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். அடுத்தவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்று யோசிக்கையில், சூழ்நிலையைக் குறைத்தும் குணத்தைக் கூட்டியும் கணக்குப் போடுகிற பழக்கம் மனிதர்களுக்கு இருக்கிறது. லீ ராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1977-இல் இதற்கு ‘அடிப்படைக் கற்பிதப் பிழை’ என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். நான் மெயிலுக்குப் பதில் போடாவிட்டால் வேலை நெருக்கடி. அவர் போடாவிட்டால் திமிர்.

இதில் நானே வசமாக மாட்டியிருக்கிறேன். குழுத் தலைவனாக இருந்த காலத்தில் என் மெயில்கள் எல்லாமே "முன்பே தெரிவித்தபடி" என்றுதான் தொடங்கும். மேலதிகாரியையும் நகலில் சேர்த்துவிடுவேன். ஒழுங்காக வேலை பார்க்கிறவன் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் குழுவிலிருந்து விலகிப்போன ஒரு பெண், கடைசி நாளில் தன் பொருள்களை எடுத்து வைத்துக்கொண்டே, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மெயில் வந்தாலே வயித்தக் கலக்கும். முதல் ரெண்டு வார்த்தையிலேயே அறைஞ்ச மாதிரி இருக்கும்" என்றார். அந்தக் குழுவின் ‘கஷ்டமான ஆள்’ யார் என்று எனக்குத் தெரியவந்த நாள் அது. அதுவரை வேறு ஒருவரைத்தான் அந்த இடத்தில் வைத்திருந்தேன்.

ஆகவே முதல் வேலை, ஒரு குறிப்பேடு. அலுவலகக் கணினியில் வேண்டாம், உங்கள் சொந்த நோட்டில் மூன்று வாரம் எழுதுங்கள். ஆனால் எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "இன்றும் என்னை அவமானப்படுத்தினார்" என்று எழுதினால் அது டைரி, ஒன்றுக்கும் உதவாது. இப்படி எழுதுங்கள்: "12-ஆம் தேதி காலைக் கூட்டம். ஆறு பேர் இருந்தோம். ‘அந்த அட்டவணையை இவரைப் பார்க்கச் சொல்லியிருந்தேன், பார்க்கலை’ என்றார். என்னிடம் அப்படிச் சொல்லவே இல்லை. 9-ஆம் தேதி மெயிலில் அந்த வேலை அவர் பெயரில் இருக்கிறது." தேதி, இடம், யார் இருந்தார்கள், வாயிலிருந்து வந்த அதே வார்த்தை, வேலையில் என்ன விளைவு. ‘திமிராக’, ‘வேண்டுமென்றே’ என்கிற சொற்கள் அந்த நோட்டுக்குள் வரக் கூடாது. அவை உங்கள் ஊகம்.

மூன்று வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால் நடப்பது இரண்டில் ஒன்று. எட்டு மாதமாக வாட்டியதாக நினைத்தவர் மூன்று வாரத்தில் இரண்டே இரண்டு வரி பிடித்திருப்பார், அந்த இரண்டும் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற நாளாக இருக்கும். அப்படியானால் அது ஆளின் பிரச்சினையில்லை, நெருக்கடியின் பிரச்சினை. அந்த நாள்களில் கொஞ்சம் ஒதுங்கி நின்றால் முடிந்தது. அல்லது, நோட்டு முழுக்க அவரே இருப்பார்.

அவரே இருக்கிறார் என்றால் சில கேள்விகள். எல்லோரிடமும் இப்படியா, என்னிடம் மட்டுமா? எல்லோரிடமும் என்றால் அது அவர் பழக்கம். உங்களிடம் மட்டும் என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது, ஒருவேளை அவர் எதிர்பார்த்திருந்த இடத்துக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். இதனால் யாருக்கு லாபம்? சில நேரம் யாருக்குமே லாபம் இருக்காது. அது வெறும் பழக்கதோஷம், பேசினால் மாறும். லாபம் இருந்தால் லேசில் மாறாது.

இன்னொரு கேள்விதான் என் அனுபவத்தில் மிக நம்பகமானது. அவர் மேலே எப்படி, கீழே எப்படி? "எனக்கு முன்கோபம், என்ன பண்றது, நான் அப்படித்தான்" என்று சொல்கிறவரை இயக்குநர் அறைக்குள் உட்கார்த்திப் பாருங்கள். அங்கே குரல் உயரவில்லை, வார்த்தை தடிக்கவில்லை, சிரிப்பு மாறவில்லை என்றால் கோபம் அவர் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. எந்தக் கதவுக்குள் அதை வெளியே எடுக்கலாம் என்று தெரிந்துதான் எடுக்கிறார். இயக்குநரிடமும் கத்தி வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறவர் உண்மையிலேயே முன்கோபி. அவரோடு காலம் தள்ளிவிடலாம். அந்த முதல் வகையோடு மிக மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

இனி உங்கள் ஆட்களுக்கு வருகிறேன். எதிர்க்கேள்வி கேட்கிறவரை முதலில் பார்ப்போம்.

1986 ஜனவரி 27 இரவு, அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தை ஏவுவதற்கு முந்தைய நாள், ஒரு தொலைபேசிக் கூட்டம் நடந்தது. ஓடத்தின் திட எரிபொருள் ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர் ராஜர் பாய்ஸ்ஜாலி, இந்தக் குளிரில் ஏவ வேண்டாம், மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் வேலை செய்யாமல் போகலாம் என்று வாதாடினார். அதற்கு முந்தைய ஜூலையிலேயே இதைப் பற்றி நிறுவனத்துக்கு எழுதியும் கொடுத்திருந்தார். முதலில் பொறியாளர்கள் பக்கம் நின்ற நிர்வாகம் அந்தக் கூட்டத்திலேயே மனம் மாறி, ஏவலாம் என்றது. மறுநாள் ஏவிய 73 விநாடியில் ஓடம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். விசாரணையில் நடந்ததைச் சொன்ன பாய்ஸ்ஜாலியை அதற்குப் பிறகு உடன் வேலை பார்த்தவர்களே ஒதுக்கினார்கள். 1988-இல் அமெரிக்க அறிவியல் வளர்ச்சிக் கழகம் அவருக்கு விருது கொடுத்தது. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அன்றிரவு அவர் எப்படித் தெரிந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். வேலையை ஓடவிடாமல் குறுக்கே கட்டை போடுகிற ஆளாகத்தான்.

உங்கள் ஆள் பாய்ஸ்ஜாலி என்று நான் சொல்லவரவில்லை. சும்மா கேள்வி கேட்பதற்காகவே கேட்கிறவர்களும் உண்டு, கூட்டத்தில் தன் குரல் கேட்டாக வேண்டும் என்கிற நோய். இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. முடிவெடுக்கும் முன் கேட்கிறாரா, எடுத்த பிறகும் கிளறுகிறாரா? விஷயத்தைக் கேட்கிறாரா, உங்களைக் கேட்கிறாரா? "இந்தத் தேதிக்குள் சோதனை எப்படி முடியும்?" என்பது விஷயத்தைப் பற்றியது. "இதெல்லாம் யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்பது உங்களைப் பற்றியது. முடிவான பிறகு, தனக்குப் பிடிக்காத முடிவாக இருந்தாலும், தன் பங்கைச் செய்துகொடுக்கிறாரா? கொடுக்கிறார் என்றால் அவரைக் கஷ்டமான ஆள் பட்டியலிலிருந்து இன்றைக்கே அடித்துவிடுங்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை இருந்த குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகமாக இருந்தன. அங்கே தவறு கூடுதலாக நடந்தது என்பதைவிட, பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்பதே அதற்கு அவர் தந்த விளக்கம். யாரும் வாயே திறக்காத குழுவைப் பார்த்து ‘என்ன ஒற்றுமை’ என்று மெச்சுகிற மேலாளர்களை எனக்குத் தெரியும். பாவம், அவர்களுக்குச் செய்தி எப்போதும் கடைசியில்தான் போய்ச் சேரும்.

தலையாட்டுகிறவர்தான் நிஜமான சிக்கல். கத்துகிறவரைப் பற்றி ஊருக்கே தெரியும், இவரைப் பற்றி உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. கேட்டால் "தங்கமான மனுஷன்" என்பார்கள். நீங்கள் புகார் சொன்னால் நீங்கள்தான் குறை சொல்கிற ஆள்.

ஏன் தலையாட்டுகிறார் என்பதில் மூன்று சாத்தியம் இருக்கிறது. ஒன்று, முடியாது என்று சொல்லத் தெரியாதவர். முகத்துக்கு நேரே மறுக்க வாய் வராது, தலையிலே ஏற்கெனவே எட்டு வேலை இருக்கும், உங்களுடையது ஒன்பதாவது. இரண்டு, வேலை தெரியாதவர். தெரியாது என்று காட்டிக்கொள்ள வெட்கம். மூன்று, செய்யக் கூடாது என்று முடிவு பண்ணிவிட்டுத் தலையாட்டுகிறவர். புகார் நாற்காலியில் நான் பார்த்த அளவில் முதல் இரண்டு வகைதான் மிகுதி. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரித் தெரியும் என்பதுதான் தொல்லை.

அதனால் மூன்றாவது வகை என்று எண்ணிக்கொண்டு தொடங்க வேண்டாம். முதல் வகை என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். "முடியுமா?" என்று கேட்காதீர்கள், அதற்கு அவரிடம் ஒரே பதில்தான் உண்டு. "இதுக்கு இடம் வேணும்னா உங்க கையில் இருக்கறதுல எதைத் தள்ளிவைக்கணும்?" என்று கேளுங்கள். "இதில் எந்தப் பகுதி இடிக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். முடியாது என்று சொல்வதற்கு நீங்களே ஒரு கதவைத் திறந்து வைக்கிறீர்கள். முதல் வகைக்காரர் அந்தக் கதவு வழியாக வந்துவிடுவார், சில நேரம் அப்பாடா என்ற பெருமூச்சோடு. இரண்டாவது வகைக்காரர் கொஞ்சம் மழுப்பிவிட்டு, "ஒரு தடவை கூட உட்கார்ந்து காட்டினீங்கன்னா..." என்று இழுப்பார். காட்டிக்கொடுங்கள், அதோடு முடிந்தது. மூன்றாவது வகைக்காரர், "ஒண்ணும் இடிக்காது, பண்ணிடலாம்" என்பார். மறுபடியும் செய்ய மாட்டார். இப்போது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எந்த வகையாக இருந்தாலும், பேசி முடித்த அரை மணி நேரத்துக்குள் ஒரு சின்ன மெயில். இப்படி:

"இன்று பேசியதை மறக்காமலிருக்க எழுதி வைக்கிறேன். முதல் மூன்று பகுதி உங்களிடம், புதன்கிழமை மாலை 4 மணிக்குள். நான்காவது என்னிடம், அதே நேரத்துக்குள். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் இன்றே சொல்லுங்கள், மாற்றிக்கொள்வோம்."

இந்த மெயிலில் மேலதிகாரியின் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். என் பழைய வியாதியிலிருந்து சொல்கிறேன், நகலில் பெரியவரைச் சேர்த்த நிமிடமே அது போர் அறிவிப்பாகிவிடும். இது வெறும் குறிப்பு. உங்கள் வேலையும் இதில் இருக்கிறது, அதனால் அவரை மட்டும் குறிவைத்ததாக இருக்காது. எல்லோரிடமும், உங்களுக்குப் பிடித்தவர்களிடமும் இதையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அவரிடம் மட்டும் செய்தால் அவருக்குப் புரிந்துவிடும். நான்கைந்து மெயில் போன பிறகு, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்கிற வசனத்துக்கு வேலை இருக்காது.

மேலதிகாரி முன்னால் பழி போடுகிறாரே, அதற்கு அந்த இடத்திலேயே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்றுதான். நாம் பொதுவாக இரண்டு தப்பில் ஒன்றைச் செய்கிறோம்: ஊமையாக உட்கார்ந்துவிட்டு இரவெல்லாம் உருண்டு புரள்கிறோம், இல்லையென்றால் வெடிக்கிறோம். வெடித்தால் மேலதிகாரிக்கு நினைவிருக்கப் போவது உங்கள் குரல் மட்டும்தான். சாதாரணக் குரலில், "அது புதன்கிழமை மெயிலில் வேற மாதிரி இருக்கு, கூட்டம் முடிஞ்சதும் அனுப்பிவைக்கிறேன். இப்ப இதை எப்படி முடிக்கலாம்னு பார்ப்போம்" என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். பிறகு உண்மையிலேயே அந்த மெயிலை அனுப்புங்கள், கூடுதலாக ஒரு வரிகூட எழுதாமல். கடினம்தான். விரல் துடிக்கும்.

இதே ஆள் உங்கள் வேலையைத் தன் வேலையாகக் காட்டிக்கொள்கிற ரகமாகவும் இருப்பது வழக்கம். காட்டிக்கொண்ட பிறகு மல்லுக்கட்டிப் பயனில்லை. வேலை பாதியில் இருக்கும்போதே உங்கள் பெயரோடு அது வெளியே தெரிய வேண்டும். வாரம் ஒருமுறை மேலதிகாரிக்கு மூன்று வரி: இந்த வாரம் முடித்தது, அடுத்த வாரம் எடுப்பது, தடையாக இருப்பது. அடக்கமான ஆட்கள் இதைத் தம்பட்டம் என்று நினைத்துக் கூசுகிறார்கள். மேலதிகாரிகளில் பலர் இதற்காக நன்றியோடு இருப்பார்கள், அவர்களுடைய மேலதிகாரிக்குச் சொல்ல அவர்களுக்கும் மூன்று வரி வேண்டுமே.

இவ்வளவும் செய்து மாறவில்லையென்றால் நேராகப் பேச வேண்டியதுதான். தனியாக, கதவு சாத்திய இடத்தில், இருவருக்கும் அவசரமில்லாத நேரத்தில். பேச்சை எந்த வார்த்தையில் தொடங்குகிறீர்கள் என்பது முக்கியம். "நீங்க எப்பவுமே..." என்று ஆரம்பித்தால் அடுத்த பத்து நிமிடம் அந்த ‘எப்பவுமே’ பற்றித்தான் சண்டை நடக்கும். நோட்டிலிருந்து ஒரே ஒரு சம்பவத்தை எடுங்கள், புதிதாக நடந்ததாக இருக்கட்டும். "செவ்வாய்க்கிழமை கூட்டத்துல அட்டவணை என் வேலைன்னு சொன்னீங்க. நம்ம மெயில்ல அது உங்க பேர்ல இருந்தது. மேலிடத்துல என் மேல ஒரு கேள்விக்குறி விழுந்துடுச்சு. அடுத்த முறை ஏதாவது தாமதமானா கூட்டத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணிடுங்க." நடந்தது, அதனால் வந்தது, இனி வேண்டியது. அவ்வளவு சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். அந்த மௌனம் தாங்காமல், "அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல, சும்மா சொன்னேன்" என்று நாமே சொன்னதை நாமே துடைத்துவிடுவோம். பத்து விநாடி போகட்டும். அவர் பேசுவார். சிலர் மன்னிப்புக் கேட்பார்கள், சிலர் நீங்கள் அறியாத ஒரு காரணம் சொல்வார்கள், சிலர் உங்கள் தவறு ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அது உண்மையாக இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் அதையே பிடித்துக்கொண்டு பேச்சை வேறு பக்கம் போகவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத சில ரகங்களையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். கத்துகிறவரோடு கத்தாதீர்கள், சமாதானமும் சொல்லாதீர்கள். "நீங்க சொல்றதை எழுதிக்கறேன், கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்று பேனாவை எடுங்கள். எழுதுகிற ஆளின் முன்னால் வெகுநேரம் கத்த முடியாது. வத்தி வைக்கிறவர் உங்களிடம் அடுத்தவரைப் பற்றிச் சொல்ல வந்தால், "அவரையும் கூப்பிட்டு உட்கார்ந்து பேசிடலாமா?" என்று கேளுங்கள். இரண்டு தடவைக்கு மேல் வர மாட்டார். ஓயாமல் புலம்புகிறவர் ஆபத்தில்லாதவர், காதைத்தான் கொஞ்சம் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

மேலதிகாரியே கஷ்டமான ஆளாக இருந்தால் கணக்கே வேறு. உங்கள் மதிப்பீடு, விடுப்பு, அடுத்த வேலைக்கான நற்சான்று எல்லாம் அவர் கையில் இருக்கிறது. நேராகப் போய்ப் பேசு என்று யாருக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதில்லை. அவர் குழப்பவாதியா, கொடுமைக்காரரா என்று முதலில் பாருங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சொல்கிறவரை "இந்த மூன்றில் எது முதலில்?" என்கிற ஒரு வரி மெயிலாலேயே சமாளிக்கலாம். ஆளை நாலு பேர் முன்னால் மட்டம்தட்டுவதையே தொழிலாக வைத்திருக்கிறவரை மெயில் திருத்தாது. அங்கே தேவை சாட்சிகளும், அவருக்கு மேலே உங்கள் வேலையைத் தெரிந்த வேறொருவரும், இன்னொரு துறைக்கு மாறுகிற வழியும்.

எங்கே ‘கஷ்டமான ஆள்’ முடிந்து துன்புறுத்தல் தொடங்குகிறது? சுவீடனில் வாழ்ந்த ஹெய்ன்ஸ் லேமன் என்ற உளவியலாளர் 1980-களில் இதை ஆராய்ந்தார். பறவைகள் கூட்டமாகச் சேர்ந்து ஓர் எதிரியைத் துரத்துவதற்கு விலங்கியலில் வழங்கிய ‘மாபிங்’ என்ற சொல்லை அவர் பணியிடத்துக்குக் கொண்டுவந்தார். வாரத்துக்கு ஒருமுறையாவது, ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஒருவரைக் குறிவைப்பது என்பது அவர் வைத்த அளவுகோல். ஆனால் அவர் எழுதியதில் என்னை உலுக்கியது இந்த அளவுகோல் இல்லை, அது நடக்கிற வரிசை. முதலில் ஏதோ ஒரு சச்சரவு. பிறகு ஒருவரை மட்டும் தனிமைப்படுத்துவது. அதற்குப் பிறகுதான் நிர்வாகம் உள்ளே வருகிறது. வரும்போது, மாதக்கணக்கில் குத்துப்பட்டு நிலைகுலைந்து நிற்கிற அந்த ஆளைப் பார்த்து, "இவர்தான் பிரச்சினை" என்று முடிவு கட்டிவிடுகிறது. கடைசியில் அவர் வெளியேறுகிறார். இதைப் படித்தபோது என் நாற்காலி எனக்கே கொஞ்சம் சுட்டது. ‘கஷ்டமான ஆள்’ என்று கோப்பில் எழுதப்பட்டவர்களில் எத்தனை பேர் அப்படி ஆக்கப்பட்டவர்கள்? அதற்குப் பிறகு ஒருவரைப் பற்றி மூன்று பேர் ஒரே மாதிரிப் புகார் சொன்னாலும், அவரைத் தனியாகக் கூப்பிட்டு முழுக்கக் கேட்காமல் நான் ஒரு வரியும் எழுதியதில்லை.

ஆறு மாதக் கணக்கைப் பிடித்துக்கொண்டு யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் ஏற்று, 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்த 190-ஆவது உடன்படிக்கை, பணியிட வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் ஒரே ஒரு தடவை நடந்தாலும் போதும் என்கிறது. சுவீடன் 1993-இலேயே இதற்கு விதி வகுத்தது, பிரான்ஸ் 2002-இல் சட்டமாக்கியது, ஜப்பானில் 2020-இலிருந்து பெரிய நிறுவனங்களுக்குத் தடுப்பு நடவடிக்கை கட்டாயம். நீங்கள் இருக்கிற நாட்டில் எந்தச் சட்டம், உங்கள் நிறுவனத்தில் எந்தக் குழு, எத்தனை நாளைக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதைத் தேவைப்படும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். காலக்கெடு தாண்டியதால் மட்டுமே நின்றுபோன நியாயமான புகார்களைப் பார்த்திருக்கிறேன். கை ஓங்குவது, மிரட்டல், பாலியல் சீண்டல், சாதி, மதம், பாலினம், உடல்குறை சொல்லி இழிவுபடுத்துவது, இவை எதற்கும் நோட்டும் மூன்று வாரமும் வேண்டாம். அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள்.

எச்.ஆரிடம் போவது பற்றி, உள்ளே இருந்தவன் என்கிற முறையில் ஒளிக்காமல் சொல்கிறேன். எச்.ஆர். உங்கள் நண்பர் இல்லை, எதிரியும் இல்லை. நிறுவனத்துக்கு எது வம்பு என்று பார்க்கிற துறை அது. "அவர் என்னை மதிக்கவில்லை" என்று வந்தால் ஆறுதல் கிடைக்கும். "இந்த ஐந்து தேதிகளில் இது நடந்தது, இன்னார் இருந்தார்கள், அதனால் இரண்டு வேலை தள்ளிப்போனது, நான் ஒரு முறை நேரில் பேசிவிட்டேன், எனக்கு வேண்டியது இது" என்று வந்தால் கோப்பு திறக்கப்படும். அந்தக் கடைசித் துண்டை, என்ன வேண்டும் என்பதை, ரொம்பப் பேர் யோசிக்காமலேயே வருகிறார்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆதாரம் என்று நிறுவனக் கோப்புகளை அள்ளிச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். ரகசியமாக ஒலிப்பதிவு செய்வது சில இடங்களில் குற்றம். எதிராளியின் தவறை நிரூபிக்கப் போய்த் தன் வேலையை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

வேலையை விடுவது. இரண்டு நிலைமையில் நான் விடச் சொல்வேன். விடுமுறை முடிகிற மாலையிலேயே வயிறு பிசைகிறது, தூக்கம் போய்விட்டது, வீட்டில் இருப்பவர்கள் மேல் எரிந்துவிழுகிறீர்கள், இது மாதக்கணக்காக நடக்கிறது என்றால் அது ஒன்று. எழுத்தில் சொல்லியும், மேலே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரிந்தும், அந்த ஆள் கொண்டுவருகிற வியாபாரத்துக்காகவோ அவருடைய செல்வாக்குக்காகவோ கண்டும் காணாமல் இருக்கிறார்கள் என்றால் அது இன்னொன்று. அங்கே பிரச்சினை அந்த ஆளோடு நிற்கவில்லை. இரண்டிலுமே, உடம்பு தாங்குகிற வரையில், அடுத்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டு விடுங்கள். உங்கள் கேள்வியைப் படித்தவரையில் இரண்டுக்கும் நீங்கள் இன்னும் வந்துசேரவில்லை. ஒருவரிடமும் இன்னும் நேராகப் பேசிப் பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

தலையாட்டுகிறவருக்கு இன்றே நோட்டைத் தொடங்குங்கள், அந்த அரை மணி நேர மெயிலையும். எதிர்க்கேள்வி கேட்கிறவருக்கு ஒரு சோதனை: அடுத்த யோசனையைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகும் முன் அவர் மேசைக்குப் போய், "இதுல எங்க ஓட்டை இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று அந்தத் தாளைக் கொடுங்கள். கேட்கிற கேள்வியெல்லாம் அங்கேயே கேட்டு முடித்துவிட்டு, கூட்டத்தில் உங்கள் பக்கம் உட்காருகிறாரா என்று பாருங்கள்.